தகடு பிறகு, தண்ணீர் முதலில்: காவிரிப் படுகையின் கார்பன் கணக்கு

காவிரிப் படுகையில் பாசன மோட்டார்களை ஆய்வு செய்வதும் சூரிய மின்சக்தி அமைப்புகளை வடிவமைத்துக் கொடுப்பதும் என் தொழில். கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் வரை எந்த ஊருக்குச் சென்றாலும், காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச்செடுத்தவுடன் வரும் கேள்வி "சோலார் போட்டுவிடலாமா?" என்பதுதான். போடலாம், ஆனால் நெல் விளையும் இந்த மண்ணில் அது முதல் வேலை அன்று என்பது என் கருத்து. ஒரு நெல் விவசாயியின் கணக்கில் காற்றுமண்டலத்துக்குச் செல்லும் பசுமைக்குடில் வாயுக்களில் பெரும்பங்கு மோட்டார் கொட்டகையிலிருந்து வருவதில்லை. தண்ணீர் தேங்கி நிற்கும் வயலிலிருந்து வருகிறது.

எண்களை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். நீர் வடியாமல் நிற்கும் நெல் வயலிலிருந்து ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் வெளியேறும் என்று, தெற்காசியாவுக்கான அடிப்படை அளவாக ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2019-இல் வகுத்தது. ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய கால நெல்லான குறுவைப் பயிர் நடவு வயலில் 90 நாள் நிற்பதாகக் கொண்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 31 கிலோ மீத்தேன் ஆகிறது. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 27 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்பதால், அது 800 கிலோவைத் தாண்டுகிறது. அதே ஏக்கரை ஆற்றுநீரே இல்லாமல் ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பி விளைவித்து, 40 லட்சம் லிட்டர் தண்ணீரை 15 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். தேய்ந்த பம்ப்செட் ஒன்றின் திறனை 35 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால் 470 யூனிட் மின்சாரம் செலவாகும். இந்திய மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்ற அளவில் அதன் கார்பன் டை ஆக்சைடு 330 கிலோ. மண், இரகம், நீர்மட்டம் ஆகியவற்றைப் பொறுத்து இரண்டு எண்களும் ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் படுகையின் பெரும்பகுதியில் எது பெரிய பங்கு என்பது மாறுவதில்லை.

நீருக்கு அடியில் இருக்கும் சேற்றில் பிராணவாயு தீர்ந்துபோனவுடன், அது இல்லாமலே வாழும் நுண்ணுயிரிகள் மக்கும் பொருள்களை மீத்தேனாக மாற்றத் தொடங்குகின்றன. அந்த வாயுவில் 90 விழுக்காடு வரை நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றறைகள் வழியாகவே மேலேறி வெளியேறுகிறது. மண் சில நாள் காய்ந்து உள்ளே காற்றுப் புகுந்தால் அந்த நுண்ணுயிரிகள் அடங்கிவிடும். மீத்தேன் காற்றில் தங்குவது சுமார் 12 ஆண்டுகள்தான் என்பதால், இன்று அதைக் குறைத்தால் பயன் நம் காலத்திலேயே தெரியும்.

இதைச் சொல்வதால் விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாக யாரும் கருத வேண்டாம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் சாய்த்த தென்னைகளுக்கும், 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் கொட்டிய 44 சென்டிமீட்டர் மழைக்கும், 2023 பிப்ரவரியில் அறுவடைக்குக் காத்திருந்த சம்பாவைச் சாய்த்த பருவம் தவறிய மழைக்கும் விலை கொடுத்தவர்கள் இந்த விவசாயிகள்தாம். 2021-இல் கிளாஸ்கோவில் அறிவிக்கப்பட்ட உலக மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. சிறு விவசாயிகளின் வாழ்வாதாரத்தை எண்ணும்போது அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மீத்தேனைக் குறைக்கும் வழியே தண்ணீரையும் மிச்சப்படுத்துகிறது என்றால், எந்த உறுதிமொழிக்காகவும் இல்லாமல் நமக்காகவே அதைச் செய்யலாம்.

அந்த வழிக்கு நம் விவசாயிகளிடம் "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்ற பெயர் ஏற்கெனவே உண்டு. நட்ட பின் களை அடங்கும் வரை முதல் இரண்டு வாரம் மெல்லிய நீர் நிறுத்த வேண்டும். அதன்பின் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பிவிசி குழாய்த் துண்டின் கீழ்ப்பாதியில் துளைகளிட்டு, துளையுள்ள பகுதி மண்ணுக்குள் இருக்குமாறு வயலில் செருகி, உள்ளே நிறைந்த மண்ணை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் தெரியும் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு, 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மறுபடி நீர் கட்டினால் போதும். பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் காயவிடக் கூடாது. படுகையின் களிமண்ணில் குழாயைப் பார்க்கும் அதே வேளையில் தரையையும் பார்க்க வேண்டும். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அது நீர் கட்டும் நேரம். வெடிப்பு விரல் நுழையும் அளவுக்கு அகன்றுவிட்டால், அடுத்துப் பாய்ச்சும் தண்ணீர் வெடிப்பு வழியாகக் கீழே ஓடி மிச்சம் பிடித்ததெல்லாம் வீணாகும். இவ்வாறு பலமுறை காயவிட்டுப் பாய்ச்சும் வயலின் மீத்தேன், நீர் வடியாத வயலின் அளவில் 55 விழுக்காடாகக் குறையும் என்கிறது அதே ஐபிசிசி கணக்கு. ஏக்கருக்கு 370 கிலோ அளவுக்கு மிச்சம். மேலே சொன்ன மோட்டாரை முழுவதும் சூரிய ஒளிக்கு மாற்றினாலும் மிச்சமாவது 330 கிலோதான். அதற்கு ஆகும் செலவு லட்சங்களில், இதற்கு ஆவது ஒரு குழாய்த் துண்டு.

இவ்வளவு எளிதென்றால் ஏன் எல்லா வயலிலும் நடக்கவில்லை என்ற கேள்வியில்தான் இந்தப் பொருளின் முழுச் சிக்கலும் இருக்கிறது. பயிற்சி வகுப்புகளில் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பது என் மனக்குறை. முதலாவது, மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தாலும் திறக்காவிட்டாலும், வாய்க்காலில் அடுத்த முறைத் தண்ணீர் எந்த நாளில் வரும் என்று உறுதியாகத் தெரியாத, வாய்க்காலின் கடைசி முனையிலுள்ள கடைமடை விவசாயி, கிடைத்தபோது வரப்பு நிறையக் கட்டி வைப்பதே அறிவுடைமை என்று நினைப்பார். அவர் நிலையில் நானும் அதைத்தான் செய்வேன். இரண்டாவது, படுகையின் பல ஊர்களில் ஒவ்வொரு வயலுக்கும் தனி மடை கிடையாது. மேல் வயல் நிறைந்து கீழ் வயலுக்கு வழியும் முறையில், ஒருவர் மட்டும் தம் வயலைக் காயவிட முடியாது. மூன்றாவது, வடகிழக்குப் பருவமழையின்போது சம்பாவையும், குறுவைக்குப் பின் நடும் தாளடியையும் காயவிட நினைத்தாலும் வானம் விடாது. வடிகால் தூர்ந்த இடங்களில் தண்ணீர் தானாக வடியவும் செய்யாது. ஆகவே இந்த முறை இன்றைக்கே முழுப் பலன் தருவது, சொந்த ஆழ்துளைக் கிணறும் தனி மடையும் உள்ள குறுவை வயல்களில்தான். பாபநாசம், கும்பகோணம், திருவிடைமருதூர், குத்தாலம், மயிலாடுதுறை வட்டாரங்களில் அப்படிப்பட்ட நிலங்கள் நிறையவே உள்ளன. மற்ற இடங்களில் முதலில் தேவை, ஒரே வாய்க்காலில் பாயும் எல்லோரும் கூடி முறை வைத்துக்கொள்வதும், அந்த முறைத் தேதிகள் அரசால் முன்கூட்டியே அறிவிக்கப்படுவதும் ஆகும்.

யூரியாவைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. காய்ந்து நனையும் வயலில் யூரியாவை அள்ளிப் போட்டால் நைட்ரஸ் ஆக்சைடு கூடும்; கிலோவுக்குக் கிலோ அது கார்பன் டை ஆக்சைடைவிட 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆகவே இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டு உரத் தேவையை அறியும் இலை வண்ண அட்டையைப் பார்த்து, தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்து இடுவது இந்த முறையின் ஒரு பகுதி; விருப்பமிருந்தால் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடியது அன்று.

குறுவை அறுத்த கையோடு தாளடிக்கு உழவு தொடங்கும் வயல்களில், இயந்திரம் விட்டுச்சென்ற பச்சை வைக்கோலை அப்படியே சேற்றில் மடக்கி நீர் கட்டுவது மீத்தேனுக்குத் தீனி போடுவதாகும். சுருட்டும் இயந்திரத்தைக் கொண்டு வைக்கோலை எடுத்து மாட்டுக்கோ விற்பனைக்கோ அனுப்புவது நல்லது. எரிப்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. நாகை, திருவாரூர் மாவட்டங்களின் கடைமடையில் சம்பாவுக்குச் செய்யும் புழுதி விதைப்பு, நாற்றங்காலும் சேற்றுழவும் இல்லாமல் மழையை நம்பி முளைக்கும் முறை என்பதால், நீர் தேங்கும் நாள்களையும் டீசலையும் சேர்த்தே குறைக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

அடுத்தது மோட்டார் கொட்டகை. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால், தங்கள் பம்ப்செட் எத்தனை யூனிட் இழுக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவர்களுக்கு ஏற்படவில்லை. நான் ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் திரும்பத் திரும்பக் காண்பவை, பலமுறை வைண்டிங் கட்டிய மோட்டார், நீர்மட்டத்துக்குப் பொருந்தாத குதிரைத்திறன், உறிஞ்சு குழாயின் அடியில் அடைத்துப்போன ஃபுட் வால்வு, தேவையைவிடக் குறுகலான வெளியேற்றுக் குழாய், அதில் ஏராளமான வளைவுகள், பிறகு ஆட்டோ ஸ்டார்ட்டர். மும்முனை மின்சாரம் வந்தவுடன் தானே ஓடத் தொடங்கும் அந்தக் கருவி, இரவில் உரிமையாளர் உறங்கும்போது நிறைந்த வயலையே மேலும் நிறைத்துக்கொண்டிருக்கும். தரச்சான்று பெற்ற, ஆழத்துக்குப் பொருத்தமான பம்ப்செட்டை மாற்றித் திறனை 35-இலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தினால், அதே தண்ணீருக்கு 470 யூனிட்டுக்குப் பதில் 330 யூனிட் போதும். ஆட்டோ ஸ்டார்ட்டருடன் ஒரு நேரங்காட்டியைச் சேர்ப்பது இன்னும் மலிவான வேலை.

இவற்றுக்குப் பிறகுதான் சூரிய பம்ப்செட். 2019-இல் தொடங்கிய மத்திய அரசின் பிஎம்-குசும் திட்டத்தின்கீழ் இங்கே வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக மானியத்தில் இது கிடைக்கிறது. மின் இணைப்புக்காகக் காத்திருப்பவர்களுக்கும், டீசல் இயந்திரத்தை நம்பி இறைப்பவர்களுக்கும் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். பகலில் சீராகத் தண்ணீர் கிடைப்பதே அவர்களுக்குப் பெரிய விடுதலை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைக்கு ஆண்டு முழுவதும் நீர் தேவைப்படுவதால் தகடுகள் சும்மா இருப்பதில்லை. நெல் மட்டும் விளையும் படுகைப் பகுதிகளில் நிலைமை வேறு. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களிலும் மழை மூட்டமான ஐப்பசி, கார்த்திகையிலும் ஐந்து குதிரைத்திறன் அமைப்பு பெரும்பாலும் வேலையின்றிக் கிடக்கும். அப்படிப்பட்ட இடங்களில், தீவன வெட்டி, மாவு இயந்திரம் போன்றவற்றையும் ஓட்டக்கூடிய பொதுக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் வாங்கினால்தான் போட்ட பணம் நியாயமாகும்.

கடலோரத்தில் இதைவிடக் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. வேதாரண்யம், தலைஞாயிறு, சீர்காழியின் கிழக்குப் பகுதி ஆகியவற்றில் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. செலவில்லாத சூரிய ஒளியில் காலை முதல் மாலை வரை இறைத்துக்கொண்டே இருந்தால் சில பருவங்களில் அந்தப் படலம் தீர்ந்து கிணறு உவர்ப்பாகும். அங்கே குறைந்த குதிரைத்திறன், ஆழம் குறைந்த இறைப்பு, குளத்து நீர் ஆகியவற்றுக்கு மட்டுமே சூரிய பம்ப்செட்டை வடிவமைத்துக் கொடுக்கிறேன். பெரிய அமைப்பு வேண்டும் என்று வற்புறுத்துபவர்களிடம் மறுத்துவிடுகிறேன். தகடுகளைத் தாங்கும் சட்டகம் துத்தநாக முலாம் பூசியதாகவும், திருகுகள் துருப்பிடிக்காத எஃகாலும், அடித்தளம் கடலோரப் புயல் காற்றுக்குரிய கணக்கின்படியும் அமைய வேண்டும். விலைப்பட்டியலில் இவற்றுக்கான வரிகள் இல்லையென்றால் கையெழுத்திட வேண்டாம்.

வீட்டுக் கூரையைப் பொறுத்தவரை முடிவு எளிது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். மூன்று கிலோவாட் அமைப்பு நம் பகுதியில் நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கான இலவச யூனிட் அளவை ஒட்டியே பயன்படுத்தும் சிறு குடும்பத்துக்கு இதில் பண லாபம் பெரிதாக இல்லை. 500 யூனிட்டைத் தாண்டி உயர் விகிதத்தில் கட்டும் வீடுகளுக்கும், இந்த மானியம் இல்லாவிட்டாலும் திருமண மண்டபங்களுக்கும், அரிசி ஆலைகளுக்கும் கூரைத் தகடு கட்டாயம் பார்க்க வேண்டிய வழி. ஓட்டு வீடாக இருந்தால் கூரையின் வலுவைச் சோதித்த பிறகே பேச வேண்டும். தென்னை மட்டையின் நிழல் ஒரு தகட்டின்மேல் விழுந்தால் அதனுடன் தொடராக இணைந்த தகடுகளின் உற்பத்தியும் சரியும் என்பதால், மரம் நிற்கும் திசையைப் பார்த்த பிறகே இடத்தைக் குறிக்க வேண்டும். நான்கைந்து மாடு கட்டியிருக்கும் வீட்டுக்கு, 50 கிலோ சாணத்தில் இயங்கும் இரண்டு கனமீட்டர் சாண எரிவாயுக் கலன், இந்தத் தகடுகளைவிட மலிவாகச் சமையலறையைக் காப்பாற்றும். அதைப் பரிந்துரைக்க விற்பனையாளர் யாரும் வருவதில்லை என்பதால் மட்டுமே அது மறக்கப்பட்டுள்ளது.

அண்மைக்காலமாக இன்னொரு வகை விற்பனையாளர்கள் வரத் தொடங்கியுள்ளனர். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் விளைவித்தால், குறைத்த வாயுவின் அளவுக்கு வழங்கப்பட்டு விற்கப்படும் சான்றான கார்பன் வரவு என்ற பெயரில் பணம் தருவதாகச் சொல்லி ஒப்பந்தத் தாளை நீட்டுகிறார்கள். திட்டமே மோசடி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வரவுகளைச் சான்றளிக்கும் வெர்ரா அமைப்பு 2024-இல் சீனாவின் 37 நெல் வயல் திட்டங்களை ஒட்டுமொத்தமாக நிராகரித்தது என்பதைத் தெரிந்துகொண்டு பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டும். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, வரவு விற்றால் விவசாயிக்கு எத்தனை விழுக்காடு, திட்டம் நிராகரிக்கப்பட்டால் முன்பணத்தைத் திருப்ப வேண்டுமா, வெள்ளத்தால் காயவிட முடியாமல் போன பருவத்துக்கு யார் பொறுப்பு ஆகியவற்றை எழுத்தில் பெற வேண்டும். கோயில் நிலத்திலோ மடத்து நிலத்திலோ குத்தகைக்குச் சாகுபடி செய்பவராக இருந்தால், அந்தத் தாளில் கையெழுத்திடும் உரிமை தமக்கு உண்டா என்பதை அதற்கும் முன்பாகவே உறுதி செய்துகொள்ள வேண்டும்.