மலக்குழியில் உயிர் போனால் 30 லட்சம்: அந்தப் பணம் எந்த மேசையில் நிற்கிறது?

பாதாளச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ வேலைக்கு இறங்கியவர் இறந்துபோனால் அவருடைய குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பில் சொன்னது இது. 2014 தீர்ப்பின்படி அதுவரை 10 லட்சமாக இருந்தது. உயிர் பிழைத்து, இனி உழைக்கவே முடியாத அளவுக்கு ஊனமானவருக்கு 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது. மற்ற ஊனங்களுக்கு 10 லட்சத்துக்குக் குறையக் கூடாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவதே கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிணையில் வெளிவர முடியாத குற்றம். பின்னணி இவ்வளவு போதும்.

இந்தச் சாவுகளின் கணக்கில் நாட்டிலேயே தமிழ்நாடுதான் முன்னால் நிற்கிறது. இழப்பீடு கொடுப்பது புதிய விஷயமே இல்லை, எல்லா அலுவலகத்துக்கும் தெரியும். அப்படியும் குடும்பங்கள் வருடக்கணக்கில் அலைகின்றன. காரணம், முதல் இரண்டு நாளில், அழுதுகொண்டிருக்கும் நேரத்தில், யாரோ நீட்டிய காகிதத்தில் போட்ட கையெழுத்து. அதனால் அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

எஃப்.ஐ.ஆரில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்

காவல் நிலையத்தில் பெரும்பாலும் 'சந்தேக மரணம்' என்று பதிவு செய்வார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 194-ஆம் பிரிவு, பழைய சட்டத்தில் 174. 'கால் தவறி விழுந்து இறந்துவிட்டார்' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி போதும், பிறகு வரும் ஒவ்வொரு அதிகாரியும் 'இது மலக்குழி மரணம் இல்லையே, விபத்துதானே' என்று பைலைத் திருப்பி அனுப்ப.

புகாரை நீங்களே எழுதிக் கொடுங்கள். யார் கூப்பிட்டார், எந்த வேலைக்குக் கூப்பிட்டார், யார் இறங்கச் சொன்னார், முகக்கவசமோ ஆக்சிஜனோ கயிறோ கொடுத்தார்களா என்பது அதில் இருக்க வேண்டும். 2013 சட்டத்தின் 7, 9 பிரிவுகளின் கீழ் வழக்குப் பதியுங்கள் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். இறந்தவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவும் சேர வேண்டும். சேர்ந்தால் அதன் கீழ் வரும் நிவாரணம் தனி, விசாரணையும் டி.எஸ்.பி. பார்க்க வேண்டியதாகிவிடும். 'அப்புறம் சேர்த்துக்கலாம்மா' என்பார்கள். அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். அதைக் கையில் வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள்.

அடுத்தது போஸ்ட்மார்ட்டம். விஷவாயு தாக்கி மூச்சுத் திணறி இறந்தார் என்பது அறிக்கையில் வர வேண்டும். மருத்துவருக்கு காவல்துறை எழுதி அனுப்பும் குறிப்பில் 'விழுந்தார்' என்று மட்டும் இருந்தால், அவர் விழுந்த காயத்தைத்தான் தேடுவார். அந்தக் குறிப்பில் கழிவுநீர்த் தொட்டி என்ற சொல் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இறந்தவரின் போனை போலீஸ் எடுத்துக்கொண்டு போவதற்குள், அன்று காலை அவரைக் கூப்பிட்ட எண்ணைக் குறித்து வையுங்கள். கான்ட்ராக்டர் கூலி போட்ட ஜிபே வரவு இருந்தால் படம் எடுத்து வையுங்கள். நின்ற லாரியின் எண், திறந்து கிடக்கும் மூடி, கூட வேலை செய்தவர்களின் பெயர் என எதையும் விடாதீர்கள். இரண்டு நாள் கழித்துப் போனால் அந்த இடத்தில் சிமெண்ட் பூசியிருப்பார்கள்.

மார்ச்சுவரி வாசலில் வரும் பணம்

உடலை வாங்குவதற்கு முன்பே மேஸ்திரியோ கான்ட்ராக்டரின் ஆளோ வந்துவிடுவார். கையில் கொஞ்சம் ரொக்கம், ஒரு பத்திரம். 'இதோட முடிச்சுக்கலாம், கேஸ் கீஸ்னு அலையாதீங்க.' சில நேரம் வார்டிலிருந்து ஒரு பெரிய மனிதரும் கூட நிற்பார். ஈமச் செலவுக்குக் காசில்லாத வீட்டில் அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்லச் சொல்ல எனக்கு மனம் வராது. வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் 'முழு இழப்பீடாகப் பெற்றுக்கொண்டேன்', 'எனக்கு யார் மீதும் புகார் இல்லை' என்ற வரிகள் உள்ள எதிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். தனியார் கொடுத்த தொகையால் 30 லட்சம் கேட்கும் உரிமை போய்விடாது. அந்தக் காகிதத்தைக் காட்டி உங்களை வருடக்கணக்கில் திருப்பி அனுப்புவார்கள் என்பதுதான் ஆபத்து.

'அவர் எங்கள் ஆள் இல்லை'

மாநகராட்சியில் முதலில் கேட்கும் பதில் இதுதான். ஒப்பந்ததாரரின் ஆள், அவரைப் போய்க் கேளுங்கள் என்பார்கள். ஒப்பந்ததாரர், தான் வேலையை உள் ஒப்பந்தத்துக்கு விட்டதாகச் சொல்வார். உள் ஒப்பந்தக்காரர் போனை எடுக்க மாட்டார். சட்டத்தின் 7-ஆம் பிரிவு 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. உள்ளாட்சியின் வேலையை யார் மூலம் செய்வித்தாலும் அது உள்ளாட்சியின் வேலைதான்.

அடையாள அட்டை கேட்பார்கள். பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்பார்கள். அன்றைக்குத்தான் முதல்முறை இந்த வேலைக்குப் போனவர் என்றாலும் இழப்பீடு உண்டு. சாதிச் சான்றிதழ் கொண்டு வா என்று திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. இந்த 30 லட்சத்துக்கும் சாதிக்கும் சம்பந்தம் இல்லை. வன்கொடுமைச் சட்ட நிவாரணத்துக்குத்தான் அந்தச் சான்றிதழ் வேண்டும். இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள், சில நேரம் தெரிந்தே.

இன்னொரு பேச்சு, 'அவர் சுத்தம் செய்யப் போகவில்லை, மோட்டார் மாற்றப் போனார்' என்பது. மதுரை பழங்காநத்தம் பக்கம் மாநகராட்சியின் கழிவுநீரேற்று நிலையத்தில் 2022 ஏப்ரலில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்தார்கள். மோட்டார் வேலையின்போது ஒருவர் உள்ளே விழ, மற்ற இருவரும் அவரைக் காப்பாற்றப் போனார்கள். இந்தச் சாவுகள் பெரும்பாலும் இப்படித்தான், ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நடக்கின்றன. அதனால் இரண்டாவதாக இறங்கியவரும் அதே வேலைக்கு அழைத்து வரப்பட்டவர் என்றால் அதைப் புகாரிலேயே எழுத வையுங்கள். இல்லாவிட்டால் 'தானாகப் போய் விழுந்தார்' என்று அவர் குடும்பத்தைத் தனியாகப் பிரித்துவிடுவார்கள்.

தனியார் வீடு, ஓட்டல், அபார்ட்மெண்ட் என்றால் கதவை இன்னும் வேகமாகச் சாத்துவார்கள். 'வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும், அரசு எப்படிக் கொடுக்கும்?' மும்பை கோவண்டியில் 2019-இல் ஒரு குடியிருப்பின் செப்டிக் டேங்கில் மூவர் இறந்தார்கள். அரசு முதலில் குடும்பங்களுக்குக் கொடுக்கட்டும், பொறுப்பானவர்களிடம் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும் என்று 2021-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. மனு எழுதும்போது இதைக் குறிப்பிடுங்கள். வீட்டுக்காரரிடம் வசூலிப்பது அரசின் வேலை, கணவனை இழந்த பெண்ணின் வேலை அல்ல.

2023-க்கு முன்னால் நடந்த சாவு, அதனால் 10 லட்சம்தான் என்றும் சொல்வார்கள். இழப்பீடே இதுவரை வரவில்லை என்றால் 30 லட்சம்தான் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. 'நிதி இல்லை, மேலே எழுதியிருக்கிறோம்' என்பதற்கும் தீர்ப்பில் இடம் கிடையாது.

மனுவை யாரிடம் கொடுப்பது

மாநகராட்சி ஆணையர் அலுவலகத்தில் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். 2013 சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. கண்காணிப்புக் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். திங்கட்கிழமை குறைதீர் நாளில் அவர் கையில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். ஒரு நகல் மாநகராட்சி ஆணையருக்கு, ஒன்று தேசிய தூய்மைப் பணியாளர் ஆணையத்துக்கு, இரண்டும் பதிவுத் தபாலில். வாய்மொழியாகச் சொன்ன எதற்கும் அலுவலகத்தில் நினைவிருக்காது.

வாரிசுச் சான்றிதழில்தான் மாதங்கள் கரையும். இறப்புச் சான்றிதழ் வந்த அன்றே இ-சேவையில் விண்ணப்பியுங்கள். மாமியாரும் மருமகளும் வி.ஏ.ஓ. முன்னால் சண்டை போட்டால் விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடும். யாருக்கு எவ்வளவு என்பதை வீட்டுக்குள் முதலில் பேசி முடியுங்கள். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று இருந்தால் அதையும் இப்போதே சரி செய்யுங்கள்.

குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, பிள்ளைகளுக்குப் படிப்பு என்பதும் 2023 தீர்ப்பில் உண்டு. நடைமுறையில் அந்தப் பெண்ணுக்கே அதே கான்ட்ராக்டரிடம் தினக்கூலித் துப்புரவு வேலையைக் காட்டி, 'வேலை கொடுத்தாச்சு' என்று பைலை மூடப் பார்ப்பார்கள். எந்தப் பணி, எந்த ஊதியம், நிரந்தரமா என்று எழுத்தில் கேளுங்கள்.

பதில் வரவில்லையென்றால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 'எனக்கு எப்போது பணம் கிடைக்கும்' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. 'இன்ன தேதியில் கொடுத்த மனு இன்று யாருடைய மேசையில் இருக்கிறது, அவர் பதவி என்ன, பைலில் எழுதிய குறிப்புகளின் நகல் வேண்டும்' என்று கேளுங்கள். முப்பது நாள் கெடு. தங்கள் பதவி எழுத்தில் வரப்போகிறது என்று தெரிந்ததும் நகர்ந்த பைல்களைப் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் அசையவில்லையென்றால் உயர் நீதிமன்றம். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லையே என்று நிற்க வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் வைத்துத் தரும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். 15100-க்குப் போன் போட்டும் கேட்கலாம். போகும்போது எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, கலெக்டர் ஆபீஸ் ரசீது மூன்றையும் கொண்டு போங்கள். அசலைக் கேட்டாலும் நகலை மட்டும் கொடுங்கள்.