பெரிய டயர் மட்கார்டில் உரசுவது ஏன்?

வேலூர்ப் பக்கம் காருக்கு டயர் மாற்றுபவர்களில் சிலர் பழைய அளவை விட்டு ஒரு சுற்றுப் பெரியதாகக் கேட்கிறார்கள். வண்டி உயரமாக நிற்கும், வேகத்தடையில் அடி தட்டாது என்பது அவர்கள் கணக்கு. டயர் கடை வாசலில், சமதரையில் நிற்கும் வண்டியின் மட்கார்டுக்குள் கைவிரல்கள் தாராளமாக நுழைவதால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், பின்னிருக்கையில் மூவர் அமர்ந்திருக்க, ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போதுதான் கரகரவென்று சத்தம் கேட்கிறது.

ஓடும் வண்டியில் சக்கரம் மூன்று வகையாக இடம் மாறுவதே இதற்குக் காரணம். ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுதாகத் திருப்பினால், வலது முன்சக்கரத்தின் பின்விளிம்பு உட்பக்கமாகச் சென்று உடற்கூட்டை நெருங்குகிறது; இடது சக்கரத்தின் பின்விளிம்போ வெளிப்பக்கமாக வந்து, கதவுக்கு முன்னாலுள்ள மட்ஃபிளாப்பை ஒட்டி நிற்கிறது. அதே நொடியில் வண்டியின் உடல் இடப்பக்கம் சாய்வதால், அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்கி, சக்கரம் மட்கார்டுக்குள் ஏறுகிறது. போதாக்குறைக்குச் சாலையில் ஒரு பள்ளமும் வந்துவிட்டால், நிற்கும்போது கண்ட இடைவெளியில் பெரும்பகுதி காணாமற்போகிறது. பின்சக்கரம் திரும்புவதில்லை என்றாலும், ஆளும் சுமையும் ஏறினால் அதன் வெளித்தோள் (தரையில் படும் பகுதி பக்கச்சுவரோடு சேரும் வெளி ஓரம்) மட்கார்டின் உள்மடிப்பு விளிம்பில் தட்டும்.

இவற்றை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். அரக்கோணத்தில் டயர் ஆலையே வைத்திருக்கும் பழைய வட ஆர்க்காட்டு மண்ணில்கூட, டயரின் பக்கச்சுவரிலுள்ள எண்களைப் படித்துப் பார்ப்பவர்கள் குறைவு. 185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு. ரிம்மின் விட்டம் 15 அங்குலம். மொத்த விட்டம் ஏறத்தாழ 621 மி.மீ. அதற்குப் பதிலாக 205/65 ஆர்15 போட்டால் விட்டம் 647 மி.மீ. ஆகிறது. அதாவது டயரின் விளிம்பு எல்லாத் திசையிலும் 13 மி.மீ. நீள்கிறது, பக்கத்துக்கு 10 மி.மீ. அகலமும் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் சரியாகவே இருந்ததென்று வைத்துக்கொண்டாலும், அது 100 என்று காட்டும்போது வண்டி 104 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

டயரோடு ரிம்மையும் மாற்றுபவர்கள் ஆஃப்செட்டையும் கவனிக்க வேண்டும். அலாய் ரிம்மில் ஈ.டி. 45 என்பதுபோல் அச்சிட்டிருப்பது, ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் (சக்கரத்தை போல்ட் போட்டு மாட்டும் அச்சுமுனையில்) பொருந்தும் முகத்துக்கும் மி.மீ. கணக்கில் உள்ள தொலைவாகும்; இதுவே ஆஃப்செட். இந்த எண் 35 ஆகக் குறைந்தால், டயர் அதே அளவாக இருந்தாலும் சக்கரம் 10 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும்.

உரசும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சுண்ணக்கட்டியே போதும். டயரின் இரு தோள்களிலும் கோடு போட்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு, திறந்த மைதானத்தில் இருபுறமும் முழுதாக ஒடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால், கோடு அழிந்த இடமும், மட்கார்டின் உட்புற உறையான லைனரில் வெள்ளை ஒட்டிய இடமும் உண்மையைச் சொல்லிவிடும். பிளாஸ்டிக் லைனரில் மட்டும் இலேசாகப் பட்டால், அதைச் சூடுகாட்டி உள்ளே அழுத்திவிடலாம். பின்பக்கத்து உள்மடிப்பில் பட்டால், டிங்கரிங் பட்டறையில் அந்த விளிம்பை மேல்நோக்கி மடித்துத் தருவார்கள்; பெயின்ட் வெடித்தால் துரு பிடிக்கும் என்பதால் உடனே பூச வேண்டும். ஸ்ட்ரட்டின் (சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் தண்டின்) ஸ்பிரிங் தட்டிலோ, பிரேக் ஆயில் செல்லும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸிலோ படுகிறதென்றால் ஒட்டுவேலைக்கே இடமில்லை. ஹோஸ் தேய்ந்து கிழிந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்காது, ஆகவே டயரைக் கழற்றிவிடுவதே சரி.

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் என்னும் தகடு வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுவது பலரும் சொல்லும் வைத்தியம். உட்பக்க உரசல் அதனால் நிற்கும், ஆனால் வெளிப்பக்கத்தில் புதிதாக ஒன்று தொடங்கும், பேரிங்கின் மேல் பளுவும் கூடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தோற்றம்தான் வேண்டுமென்றால் 195/55 ஆர்16 போன்ற அளவு பொருத்தமாக இருக்கும்: ரிம் பெரிதாகிறது, பக்கச்சுவர் குறைகிறது, மொத்த விட்டமோ முன்பிருந்த 621 மி.மீ. அளவிலேயே நிற்கிறது. ஆனால் அடி தட்டாமலிருக்க இது உதவாது. குட்டையான பக்கச்சுவர் பள்ளங்களில் எளிதில் அடிபடவும் செய்யும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துவதால், அதே மாடலின் உயர்ரக வகைக்கு நிறுவனமே கொடுத்திருக்கும் அளவைத் தேர்வது பாதுகாப்பானது.

நான்கு டயரையும் பெரிதாக்கியவர்கள் டிக்கியிலுள்ள ஸ்டெப்னியை மறந்துவிடுகிறார்கள். பஞ்சரான முன்சக்கரத்துக்குப் பதில் பழைய சிறிய டயரை மாட்டினால், ஒரே அச்சின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலும். எஞ்சின் முன்சக்கரங்களை இயக்கும் கார்களில், வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியல் நேர்ச்சாலையிலும் ஓயாமல் வேலை செய்ய நேரும். அந்த நிலையில் பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டலாமே தவிர, நெடுஞ்சாலையில் பெங்களூரு வரை போகக் கூடாது.