கேஜ்: தமிழில் கண்ணி நெருக்கம்

கையால் ஸ்வெட்டர் பின்னுவதற்கான பேட்டர்ன், அதாவது செய்முறைக் குறிப்பு, எதை எடுத்தாலும் முதல் பக்கத்தில், நூலின் கனத்துக்கும் ஊசியின் அளவுக்கும் பக்கத்தில், ‘கேஜ்’ என்று ஒரு குறிப்பு இருக்கும். 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை என்பதுபோல. கண்ணி என்பது ஊசியில் பின்னும் ஒவ்வொரு வளையம். பின்னிய துணியில் 10 செ.மீ. அகலத்துக்குள் எத்தனை கண்ணி அடங்குகிறது, 10 செ.மீ. உயரத்துக்குள் எத்தனை வரிசை அடங்குகிறது என்ற எண்ணிக்கைதான் கேஜ். கஷ்டமான பேட்டர்னில் கை வைக்கிறவர்கள் கேபிளுக்கும் (முறுக்கு விழும் பின்னல்) லேஸுக்கும் (துளை விழும் பின்னல்) பயப்படுவார்கள். ஆடையைக் கெடுப்பது பெரும்பாலும் அவை இல்லை, படிக்காமல் தாண்டிப்போன இந்தக் குறிப்புதான்.

கணக்கைப் பாருங்கள். மார்புச் சுற்றளவு 100 செ.மீ. வர வேண்டும் என்று பேட்டர்ன் 220 கண்ணி போடச் சொல்கிறது. உங்கள் கை சற்று இறுக்கம், 10 செ.மீ.க்கு 24 கண்ணி விழுகிறது என்றால் அதே 220 கண்ணி 91.7 செ.மீ.தான் வரும். 20 கண்ணி விழும் தளர்ந்த கைக்கு 110 செ.மீ. வந்துவிடும். பேட்டர்னில் பிழையில்லை, பின்னியதிலும் ஒரு கண்ணிகூடத் தவறவில்லை. ஆனாலும் ஒருவருக்குப் பொத்தான் போட முடியாது, மற்றவருக்குத் தோள் தொங்கும்.

‘கேஜ்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். பீப்பாய்க்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று உள்ளே விட்டுப் பார்க்கும் அளவுக்கோலுக்கு முதலில் அந்தப் பெயர். பின்னர் ஒரு நிலையான அளவோடு ஒப்பிடுகிற வேலை எதற்கும் அது பரவியது. எங்கள் வட சென்னையில் இந்தச் சொல் பின்னல் ஊசியோடு வந்து அறிமுகமானதில்லை. 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கிய ஊர், பெரம்பூர் ரயில்வே பணிமனைகளைச் சுற்றி வளர்ந்த ஊர். சென்ட்ரல் என்றால் பிராட் கேஜ், எழும்பூர் என்றால் மீட்டர் கேஜ் என்று பேசிய வீடுகள் இங்கே ஏராளம். அந்தக் கேஜ் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள தூரம்: பிராட் கேஜுக்கு 1,676 மி.மீ., மீட்டர் கேஜுக்கு 1,000 மி.மீ. தகடு வெட்டும் பட்டறையில் ‘22 கேஜ் தகடு’ என்றால் அது கனம், சுமார் 0.7 மி.மீ. திருப்பூர் பனியன் மெஷினில் ‘24 கேஜ்’ என்றால் மெஷினில் ஓர் அங்குலத்துக்கு 24 ஊசி. ஒரே சொல் ஓரிடத்தில் தூரம், ஓரிடத்தில் கனம், இன்னோரிடத்தில் ஊசிகளின் எண்ணிக்கை. கைப்பின்னலில் அது துணியில் விழுந்த கண்ணிகளின் எண்ணிக்கை. மெஷினின் கேஜை மெஷின் செய்தவர் தீர்மானித்துவிடுகிறார். கைப்பின்னலின் கேஜ், பின்னி முடித்த பிறகுதான் பிறக்கிறது.

இங்கே தகட்டுப் பட்டறைக்கும் பின்னல் ஊசிக்கும் உள்ள உறவைச் சொல்லியாக வேண்டும். நம் கடைகளில் 8, 9, 10, 12 என்று எண் போட்டு விற்கும் ஊசிகள் பழைய பிரிட்டிஷ் கம்பிக் கேஜின் வழியில் வந்தவை. அதில் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 8-ஆம் எண் ஊசி 4 மி.மீ., 10-ஆம் எண் 3.25 மி.மீ., 14-ஆம் எண் 2 மி.மீ. அமெரிக்க எண்முறை இதற்கு நேர்மாறு, எண் ஏற ஏற ஊசி தடிக்கும். அமெரிக்க 8 என்பது 5 மி.மீ. அமெரிக்கப் பேட்டர்னில் ‘8’ என்று கண்டு, சவுகார்பேட்டையில் வாங்கிய 8-ஆம் எண் ஊசியில் பின்னத் தொடங்கினால் முழு 1 மி.மீ. மெல்லிய ஊசியில் பின்னுகிறீர்கள். கேஜ் வரவே வராது. எண்ணை விட்டுவிட்டு மி.மீ.யை மட்டும் பாருங்கள்.

பழைய பிரிட்டிஷ் பேட்டர்ன்களில் ‘கேஜ்’ என்ற சொல் பெரும்பாலும் இருக்காது. அங்கே அதற்கு ‘டென்ஷன்’ என்று பெயர். ‘இழுத்து நீட்டுதல்’ என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த சொல், நூலை விரல் எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பதைக் குறித்தது. தமிழில் டென்ஷன் என்றால் மனப் பதற்றம் என்று ஆகிவிட்டதால், ‘டென்ஷனைச் சரிபார்க்கவும்’ என்ற வரியைப் படிப்பவர் பதற்றப்படாமல் நிதானமாகப் பின்னச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. டென்ஷன் காரணத்தைச் சொல்கிறது, கேஜ் விளைவைச் சொல்கிறது. பேட்டர்ன் எழுதியவருக்கு உங்கள் விரலின் இழுப்பு தெரியாது, தெரியவும் வேண்டாம். 10 செ.மீ.க்குள் என்ன விழுந்தது என்பது மட்டும் போதும். தையல் கடையில் புழங்கும் காஜாவுக்கும் துணி அளக்கும் கஜத்துக்கும் இதற்கும் உறவில்லை. காஜா பொத்தான் துளை, கஜம் 36 அங்குலம்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். அறிவியல் தமிழில் கேஜுக்கு ‘அளவி’, ‘மானி’ என்ற சொற்கள் உண்டு. மழைமானி, அழுத்தமானி எல்லாம் நல்ல தமிழ். ஆனால் அவை அளக்கும் கருவிகள். பின்னலில் கேஜ் கருவியில்லை, அளந்து கிடைத்த எண். ‘கண்ணளவு’ என்று சுருக்கமாகச் சொல்லலாமே என்று தோன்றும். அது வேண்டவே வேண்டாம். கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக மதிப்பிடுவது என்ற பொருளும் அதற்கு வந்துவிடும், இங்கே செய்யக்கூடாத காரியமே அதுதான். ‘கண்ணி அடர்த்தி’ தவறில்லை, மக்கள் அடர்த்தி என்கிறோம். ஆனால் பாடப்புத்தகத்தின் குரல்.

பொருத்தமான சொல் பூக்கட்டுகிறவர்களின் பேச்சிலேயே இருக்கிறது. பூவை நாரில் சுற்றி முடிக்கும் ஒவ்வொரு வளையமும் கண்ணி. ‘நெருக்கமாகக் கட்டினதா, இடைவெளி விட்டதா?’ என்று கேட்டுத்தான் முழம் வாங்குகிறோம். இரண்டும் ஒரு முழம்தான். நெருக்கிக் கட்டியதில் கண்ணி அதிகம், தள்ளிக் கட்டியதில் குறைவு. குறிப்பிட்ட நீளத்துக்குள் எத்தனை கண்ணி: கேஜ் கேட்பதும் இதே கேள்விதான். முழம் ஆளுக்கு ஆள் மாறும் என்ற பழைய வழக்கும் இதோடு சேர்ந்தே வரும். விற்பவரின் கை குட்டையென்றால் முழமும் குட்டை. அதனால்தான் பேட்டர்னில் 10 செ.மீ. என்று கறாராகப் போடுகிறார்கள். காசிமேட்டில் வலைக்குக் ‘கண்’ என்பார்கள், அது நூல்களுக்கு நடுவிலுள்ள துளை. பின்னலில் நாம் எண்ணுவது துளையை அல்ல, வளையத்தை. ஆகவே ‘கண்’ணைவிடக் ‘கண்ணி’ சரி. கேஜ் = கண்ணி நெருக்கம். உயரத்துக்கு எண்ணுவதை ‘வரிசை நெருக்கம்’ என்று தனியே சொல்லலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமலிருக்க அது உதவும்.

நெருக்கத்தைப் பார்க்க ஒரு மாதிரித் துண்டு பின்ன வேண்டும். 22 கண்ணி, 30 வரிசை கேட்கும் பேட்டர்னுக்கு 36 கண்ணி போட்டு, இரு ஓரத்திலும் மும்மூன்று கண்ணியைக் கார்ட்டராக, அதாவது சுருளாத மேடுபள்ளப் பின்னலாக, விட்டு, நடுவில் பேட்டர்ன் சொல்லும் பின்னலில் 40 வரிசை பின்னுங்கள். ஓரக் கண்ணிகள் கோணலாக இழுபடும், அதனால் அளவு நடுப்பகுதியில்தான். சரியாக 22 கண்ணி மட்டும் போட்டுப் பின்னி ‘10 செ.மீ. வருகிறதா’ என்று பார்ப்பது பலன் தராது. ஸ்டாக்கினெட்டில், அதாவது முன்பக்கம் வழவழப்பாக வரும் சாதாரணப் பின்னலில், ஒரு கண்ணி, இரண்டு நெல்மணி சாய்ந்து அடியில் சேர்ந்ததுபோலத் தெரியும். ஜோடி சேர்ந்தால்தான் ஒன்று, ஒரு கால் மட்டும் என்றால் அரை. அந்த அரையை விட்டுவிடாதீர்கள்: 22-க்குப் பதில் 22½ என்றால் 220 கண்ணியில் 2.2 செ.மீ. குறையும். நாளாகி நீண்டுபோன தையல் டேப்பை விட எஃகு ஸ்கேல் நல்லது.

அளப்பதற்கு முன் நனைக்க வேண்டும். ரவிக்கைக்கு லைனிங் துணியையும் புடவைக்கு ஃபாலையும் நனைத்துக் காயவைத்துத்தானே தைக்கிறோம், அதே காரணம். ஆடையை எப்படித் துவைக்கப்போகிறீர்களோ அப்படியே மாதிரியையும் துவைத்து, பிழியாமல் துண்டில் அழுத்தி நீரெடுத்து, படுக்கையாகக் காயவிடுங்கள். கடல் காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் தடித்த காட்டன் நூல் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். தொட்டுப் பார்த்து முழுக்க உலர்ந்த பிறகே ஸ்கேலை வையுங்கள். நம் ஊர் வெயிலுக்குக் காட்டனில் பின்னுகிறவர்கள்தான் அதிகம். காட்டன் கனம், தன் எடையாலேயே கீழே இழுபடும். உலர்ந்த மாதிரியை ஒரு ராத்திரி கிளிப் போட்டுத் தொங்கவிட்டு மீண்டும் வரிசையை எண்ணினால், ஆடை எவ்வளவு நீளப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும்.

நனைப்பதற்கு முந்தைய எண்ணையும் எழுதி வையுங்கள். நனைக்கும் முன் 10 செ.மீ.க்கு 32 வரிசை, நனைத்த பின் 30 என்று வைத்துக்கொள்வோம். ‘40 செ.மீ. வரை பின்னவும்’ என்று பேட்டர்ன் சொன்னால் உங்களுக்கு 120 வரிசை தேவை. ஊசியில் இருக்கும்போது அது 37.5 செ.மீ.தான் காட்டும். ஊசியிலேயே 40 வரட்டும் என்று தொடர்ந்தால் 128 வரிசை ஆகி, துவைத்த பின் 42.7 செ.மீ.க்கு நீண்டுவிடும்.

கண்ணி நெருக்கம் அதிகமானால் ஊசியைத் தடிப்பாக்குங்கள், 4-இலிருந்து 4.5 மி.மீ.க்கு, அதாவது நம் எண்ணில் 8-இலிருந்து 7-க்கு. குறைந்தால் 3.75-க்கு இறங்குங்கள். ‘இனிமேல் கொஞ்சம் தளர்த்திப் பின்னுகிறேன்’ என்ற முடிவு 20 வரிசைக்கு மேல் நிற்காது. கை தன் பழக்கத்துக்குத் திரும்பிவிடும். ஊசியை மாற்றியும் 24-லேயே நின்றால் வேறு வழி உண்டு: 100 செ.மீ.க்கு உங்களுக்கு வேண்டியது 240 கண்ணி, பேட்டர்னில் எந்த சைஸுக்கு 240-ஐ ஒட்டி எண்ணிக்கை இருக்கிறதோ அதைப் பின்னுங்கள். நீளங்களை மட்டும் உங்கள் உடம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். லேஸ் இருந்தால் ஒரு தடங்கல். 12 கண்ணிக்கு ஒருமுறை திரும்பும் டிசைனில் 220 வகுபடாது. 216 அல்லது 228தான், 22 கண்ணி நெருக்கத்தில் 98.2 அல்லது 103.6 செ.மீ. எது உங்களுக்கு ஆகும் என்று பின்னத் தொடங்கும் முன்பே முடிவுசெய்யுங்கள்.

கண்ணி நெருக்கம் பொருந்தி வரிசை நெருக்கம் பொருந்தாதது மிகச் சாதாரணம். செ.மீ.யில் சொல்லும் இடங்களில் அதனால் கெடுதலில்லை. வரிசையில் சொல்லும் இடங்கள்தான் ஆபத்து, முக்கியமாகக் கழுத்திலிருந்து கீழே பின்னும் ராக்லன், அதாவது கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்கோட்டில் கை சேரும் ஆடை. 30 வரிசை நெருக்கத்தில் 66 வரிசை என்பது 22 செ.மீ. ஆழம். உங்களுக்கு 33 விழுந்தால் 20 செ.மீ.தான், அக்குள் பிடிக்கும். இரண்டு வரிசைக்கு ஒருமுறையாக 33 முறை கண்ணி கூட்டச் சொல்லியிருந்தால், 30 முறை அப்படியே கூட்டி, கடைசி 3 முறையை நான்கு வரிசைக்கு ஒன்றாக ஆக்குங்கள். கூட்டல் அதே 33, வரிசை 72, ஆழம் 21.8 செ.மீ. கண்ணி எண்ணிக்கை மாறாததால் கையும் உடலும் பேட்டர்ன் சொன்னபடியே பிரியும்.

வட்டமாகப் பின்னும் ஆடைக்கு மாதிரியையும் வட்டமாகப் பின்னுங்கள். திருப்பித் திருப்பிப் பின்னினால் பர்ல் வரிசை (துணியின் பின்பக்கத்திலிருந்து பின்னுவது) வரும், பலருக்குப் பர்ல் நிட்டைவிட (முன்பக்கத்திலிருந்து பின்னுவது) தளர்வு. வட்டத்தில் நிட் மட்டுமே என்பதால் எண் மாறும். முழு வட்டம் வேண்டாமென்றால், இரண்டு முனைகளை வளையும் கம்பியால் இணைத்த சர்க்குலர் ஊசியில் ஒவ்வொரு வரிசை முடிவிலும் துணியைத் திருப்பாமல் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்புறம் தாராளமாக விட்டு மீண்டும் நிட் பின்னலாம். கேபிள் துணியை உள்ளே இழுக்கும், லேஸ் விரிக்கும், இரண்டு நிறப் பின்னலில் பின்னால் ஓடும் நூல் சுருக்கும். ஒன்றுக்கு எடுத்த மாதிரி மற்றொன்றுக்கு ஆகாது.

தமிழில் பேட்டர்ன் எழுதுகிறவர்கள் இந்த வரியை இப்படிப் போடலாம்: ‘கண்ணி நெருக்கம்: 4 மி.மீ. ஊசியில், வட்டமாகப் பின்னிய ஸ்டாக்கினெட்டில், நனைத்து உலர்த்திய பின் 10 செ.மீ.க்கு 22 கண்ணி. வரிசை நெருக்கம்: 30.’ எந்தப் பின்னல், தட்டையா வட்டமா, நனைத்ததா நனைக்காததா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். திருப்பூர் மெஷினைப் பற்றி எழுதும்போது மட்டும் கேஜ் என்பதை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே அது ஊசியின் எண்ணிக்கை, கண்ணியின் எண்ணிக்கை அல்ல.