சீசன் முடிந்ததா, பேஜ் சறுக்கியதா?

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவரின் வெப்சைட்டுக்கு செப்டம்பரில் ஆள் வரத்து பாதியாகக் குறைந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழையோடு தொடங்கும் சாரல் ஆகஸ்ட் கடைசியில் அடங்கிவிடும், அருவிக்குக் கிளம்புகிறவர்களும் குறைந்துவிடுவார்கள், 'குற்றாலம் ரூம்' என்று போனில் தட்ட ஆளே இல்லாதபோது எவ்வளவு நல்ல பேஜும் காலியாகத்தான் கிடக்கும். அதே சரிவு ஜூலை நடுவில், அருவியில் கூட்டம் நெரிகிற நேரத்தில் வந்தால்தான் விஷயம் வேறு. அப்போது பேஜைத் திறந்து வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் நம்ம பக்கம் நிறைய பணம் வீணாகிறது. "அண்ணாச்சி, சைட்டுக்கு ஆளே வரல, எஸ்.இ.ஓ. பண்ணியே ஆகணும்" என்று, அதாவது தேடலில் மேலே வரும்படி சைட்டைத் திருத்த வேண்டும் என்று யாராவது சொன்னதும் மொத்த சைட்டையும் மாற்றி எழுதக் கொடுத்துவிடுகிறார்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பேஜும் அதோடு சேர்ந்து கெட்டுப்போகிறது. எந்தப் பேஜில் கை வைக்க வேண்டும், எதை அப்படியே விட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் எண்களே சொல்லிவிடும். அதைப் படிக்க, தேடுபொறிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும்.

நீங்கள் ஒன்றைத் தேடும் அந்த நொடியில் கூகுள் இணையம் முழுவதையும் அலசுவதில்லை. அந்த வேலை முன்பே முடிந்திருக்கும். கூகுள்பாட் என்ற நிரல் லிங்க் லிங்காகப் போய் பேஜ்களை எடுத்து வருகிறது. அவற்றில் உள்ள சொற்கள் பிரிக்கப்பட்டு, பாடப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி, எந்தச் சொல் எந்தெந்தப் பேஜில் இருக்கிறது என்று ஒரு பெரிய இன்டெக்ஸ் எழுதப்படுகிறது. நீங்கள் 'பத்தமடை பாய் விலை' என்று தட்டியதும் அந்த இன்டெக்ஸிலிருந்து பொருத்தமான பேஜ்கள் எடுக்கப்பட்டு வரிசைப்படுத்தப்படுகின்றன. இங்கே எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை கிடையாது. அரிதாக வரும் சொல்லுக்கு அதிக எடை தர வேண்டும் என்று கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டன் ஆய்வாளர் 1972-லேயே எழுதினார், தேடல் தொழில்நுட்பத்தின் அடித்தளங்களில் அது ஒன்று. 'விலை' கோடிக்கணக்கான பேஜில் இருக்கும், 'பத்தமடை' அப்படியில்லை, அதனால் அந்தச் சொல்தான் தேடலைத் தூக்கி நிறுத்துகிறது. பாய் விற்கிறவர் தன் பேஜில் 'பாரம்பரிய கைவினைப் பொருட்கள்' என்று மட்டும் அழகாக எழுதிவிட்டு ஊர்ப் பெயரையும் கோரையையும் எழுதாமல் விட்டால், தேடுகிறவருக்கும் அவருக்கும் நடுவில் பாலமே இல்லை.

அதற்கு மேல் பல அடுக்குகள் வந்துவிட்டன. 1998-ல் லாரி பேஜும் செர்கே பிரினும் கூகுளைத் தொடங்கியபோது கொண்டுவந்த பேஜ்ரேங்க், ஒரு பேஜுக்கு யார் யார் லிங்க் கொடுக்கிறார்கள் என்பதை வைத்து அதன் மதிப்பைக் கணக்கிட்டது. 2019 கடைசியில் பெர்ட் என்ற மொழி மாதிரி, தமிழ் உட்பட 70-க்கும் மேற்பட்ட மொழிகளின் தேடலுக்குள் வந்தது. ஒரு சொல்லை அக்கம்பக்கத்துச் சொற்களோடு சேர்த்துப் புரிந்துகொள்ள அது உதவுகிறது. அதனால் 'திருநெல்வேலி அல்வா' என்று ஒரே பேஜில் நாற்பது தடவை எழுதித் திணிப்பதில் இன்று எந்தப் பயனும் இல்லை. கூகுளின் ஸ்பேம் விதிகளில் அதுவும் ஒரு குற்றமாகவே இருக்கிறது. பேஜின் நிரலுக்குள் வாசகர் கண்ணில் படாமல் தேடல் சொற்களை அடுக்கி வைக்கும் கீவேர்ட் மெட்டா டேகை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை என்று 2009-லேயே அறிவித்தும்விட்டார்கள். இன்னமும் அதை நிரப்பித் தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

சரி, எண்களுக்கு வருவோம். கூகுளின் சர்ச் கன்சோல் இலவசம். உங்கள் பேஜ் தேடல் முடிவுகளில் எத்தனை தடவை வந்தது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று அது காட்டும். 16 மாதத் தகவலைச் சேர்த்து வைத்திருக்கும், நமக்கு ரொம்பவும் உதவுவது இதுதான். இந்த ஜூலையைப் போன ஜூனோடு ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது, போன வருட ஜூலையோடு ஒப்பிட வேண்டும். அல்வாக் கடைக்கு தீபாவளி தேதி வருடத்துக்கு வருடம் மாறுகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தும் சரிவு தெரிந்தால் அடுத்த கேள்வி, எந்த எண் சரிந்தது?

முடிவுகளில் தோன்றுவதே நின்றுபோயிருந்தால் எழுத்தில் குறை தேடாதீர்கள். பேஜ் இன்டெக்ஸுக்குள்ளேயே இல்லாமல் போயிருக்கலாம். சைட்டைப் புதுப்பித்தவர் 'இன்டெக்ஸ் செய்யாதே' என்ற வரியை எடுக்க மறந்திருப்பார், அல்லது பழைய முகவரி மாறி, 'பேஜ் இல்லை' என்று சொல்லும் 404 வந்துகொண்டிருக்கும். தமிழ் சைட்டுகளுக்கு இன்னொரு பழைய வியாதியும் உண்டு. பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்த பேஜ் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான், தேடுபொறிக்கு அது வெறும் கிறுக்கல். விலைப்பட்டியலையும் திருவிழா அழைப்பிதழையும் படமாக மட்டும் போடுவதும் கிட்டத்தட்ட இதே கதை. எல்லாக் கணினியும் தமிழாகவே படிக்கிற யூனிகோடில், எழுத்தாகவே எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சராசரி இடமும், முடிவுகளில் தோன்றும் எண்ணிக்கையும் சேர்ந்து மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் சரிகிறதென்றால், அப்போதுதான் உள்ளடக்கத்தை முழுதாகப் பரிசோதிக்க வேண்டும். உலகம் நகர்ந்துவிட்டது, பேஜ் அங்கேயே நிற்கிறது. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. குற்றாலமும் செங்கோட்டையும் சங்கரன்கோவிலும் அந்தப் பக்கம் போயின. அதற்கு முன் எழுதிய சுற்றுலாப் பேஜ் இன்னும் 'திருநெல்வேலி மாவட்டம், குற்றாலம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் தகவலும் தப்பு, 'தென்காசி மாவட்ட அருவிகள்' என்று தேடுகிறவர் கண்ணிலும் அது படாது. சென்னையிலிருந்து நெல்லைக்கு எப்படி வருவது என்று எழுதிய பேஜில், 2023 செப்டம்பர் 24-ல் தொடங்கிய வந்தே பாரத் இல்லையென்றால் படிக்கிறவர் பாதியில் மூடிவிட்டு வேறு பேஜுக்குப் போவார். இப்படி மாவட்டம் பிரிவது, ரயில் வருவது, விலை ஏறுவது, விதி மாறுவது நடந்த அன்றே அதைத் தொட்ட பேஜ்களைப் பார்த்துவிடுங்கள், எண் சரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உள்ளே ஒன்றும் மாற்றாமல் மேலே தேதியை மட்டும் புதிதாகப் போடுவது வாசகரை ஏமாற்றுவது, தேடலிலும் அதற்குப் பலன் இல்லை.

தோன்றுவதும் இடமும் அப்படியே இருக்க, கிளிக் மட்டும் விழுந்தால் சிக்கல் பெரும்பாலும் வாசலில்தான். டைட்டில் மங்கலாக இருக்கும், அல்லது கேள்விக்கான பதிலை கூகுளே மேலே காட்டிவிட்டிருக்கும். 2024-லிருந்து ஏ.ஐ. சுருக்கங்கள் வந்தபிறகு இது அதிகம் பேசப்படுகிறது. ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய பதிலுக்கு இனி கிளிக் எதிர்பார்ப்பது கஷ்டம். அந்த ஒரு வரியைத் தாண்டி, நேரில் பார்த்தவர் மட்டுமே சொல்லக்கூடியதை அந்தப் பேஜ் சொல்கிறதா என்று பாருங்கள்.

சராசரி இடம் என்ற எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் பேஜ் புதிதாக நூறு தேடல்களில் ஐம்பதாவது இடத்தில் தோன்ற ஆரம்பித்தால் சராசரி மோசமாகும், ஆனால் பழைய தேடல்களில் நீங்கள் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள், கிளிக்கும் கூடலாம். ஆகவே மொத்தச் சராசரியைப் பார்த்துப் பதறாமல் தேடல் சொல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்படிப் பார்க்கும்போது ஒரே சொல்லுக்கு உங்கள் சைட்டின் இரண்டு பேஜ்கள் மாறி மாறி வருவது தெரிந்தால், நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அதோடு சேர்த்து, பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதுக்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திருப்பல் கொடுத்துவிடுங்கள்.

சில சரிவுகள் உங்கள் பேஜைப் பற்றியவையே அல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மழை கொட்டியபோது 'தாமிரபரணி' என்று தட்டியவருக்கு நதியின் வரலாறு வேண்டியதில்லை, தண்ணீர் எவ்வளவு வருகிறது, எந்தப் பாலம் மூடியிருக்கிறது என்றுதான் தெரிய வேண்டும். இப்படி ஒரு சொல்லைத் திடீரென்று எல்லாரும் தேடும்போது தேடுபொறி புதிய செய்திகளை மேலே தூக்கும். வரலாற்றுப் பேஜ் அப்போது இறங்கினால் அதில் குறையில்லை. வெள்ளம் வடிந்து தேடலும் பழைய நிலைக்கு வரும்வரை அதைத் தொட வேண்டாம்.

கூகுள் தன் வரிசைப்படுத்தும் முறையையே பரவலாக மாற்றி, வருடத்தில் சில தடவை வெளியிடும் கோர் அப்டேட்டுக்கும் பொறுமைதான் வேண்டும். அது பரவி முடியவே இரண்டு வாரம்கூட ஆகும். முடிந்தபின் ஒரு முழு வாரம் விட்டு, அந்த வாரத்தை அப்டேட் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டாம் இடத்திலிருந்து நாலுக்கு வந்திருந்தால் விட்டுவிடுங்கள், நாலிலிருந்து முப்பதுக்குப் போயிருந்தால் இப்போது மேலே வந்திருக்கும் பேஜ்களைத் திறந்து உங்களுடையதோடு வைத்துப் படியுங்கள். திருத்திய பிறகும் கூகுள்பாட் திரும்ப வந்து பார்த்து, இன்டெக்ஸ் மாறி, எண் நகர சில நாட்களோ சில மாதங்களோ ஆகலாம், அதற்குள் இன்னொரு தடவை மாற்றி எழுதினால் எந்த மாற்றம் வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.