ராத்திரிக்கு வந்து சேரும் வெயில்

லடாக்கில் உள்ள லே நகருக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அங்கே சில வீடுகளில் தெற்குச் சுவருக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, அதன்மேல் கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஜன்னல் கிடையாது, வெறும் சுவர்தான். திருஷ்டிக்காகவா?"

திருஷ்டிக்கு இல்லை. மே மாதத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே படுத்துப் பழகியவர்களுக்கு இதன் பதில் பாதி தெரிந்திருக்கும். வெயில் இறங்கி நெடுநேரம் ஆன பிறகும் தளம் அனலைக் கக்கும், மின்விசிறி அதை நம் தலையில் கொட்டும். லேயின் கறுப்புச் சுவர் செய்வதும் அதே வேலைதான். என்ன, நாம் சபிப்பதை அவர்கள் காசு செலவழித்துக் கட்டிக்கொள்கிறார்கள்.

லே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கால இரவில் மைனஸ் 20 டிகிரி வரை போகும். ஆனால் வானத்தில் மேகம் குறைவு, பகலெல்லாம் நல்ல வெயில். டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே சுமார் 32 டிகிரி உயரத்தில் சாய்ந்து நிற்பதால் தெற்குச் சுவரில் வெயில் நேராக வந்து அடிக்கிறது. ஜூனில் அது 80 டிகிரிக்கு ஏறிவிடும், ஒரு சின்னத் தாழ்வாரமே சுவருக்கு நிழல் தரப் போதும். கண்ணாடியின் பங்கு பள்ளியில் படித்ததுதான்: ஒளியை உள்ளே விடும், சூடான சுவர் திருப்பி அனுப்பும் அகச்சிவப்புக் கதிர்களை வெளியே விடாது.

சரி, சுவருக்கு வருவோம். பந்தியில் ஒரே ஆள் பரிமாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் இலைக்குப் போதுமான அளவு போட்ட பிறகுதான் அடுத்த இலைக்கு நகர்வார். கடைசி இலைக்கு நேரமும் ஆகும், பதார்த்தமும் குறைந்திருக்கும். சுவருக்குள் வெப்பம் போவதும் இப்படித்தான். ஒவ்வொரு அடுக்கும் தான் சூடேறிக்கொண்டே மிச்சத்தை அடுத்த அடுக்குக்குத் தள்ளுகிறது. பகலில் ஏறி இரவில் இறங்கும் சூட்டை ஓர் அலை என்று வைத்துக்கொண்டால், மண் சுவரில் அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். நத்தை பார்த்தால் சிரிக்கும்!

இந்த மந்தம்தான் எனக்குப் பிடித்த விஷயம். சுவரின் வெளிமுகம் பிற்பகல் 2 மணிக்கு உச்ச சூட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 சென்டிமீட்டர் சுவரைக் கடக்க 10 மணி நேரம். அந்த உச்சம் உள்ளே வந்து சேரும்போது நள்ளிரவு 12 மணி, வெளியே எல்லாம் உறைந்துகொண்டிருக்கும் நேரம். எத்தனை மணிக்கு அறை சூடாக வேண்டும் என்பதைச் சுவரின் கனத்தை வைத்தே முடிவு செய்துவிடலாம். சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரி மாற்ற வேண்டாம். இன்னொரு லாபமும் உண்டு. 12 சென்டிமீட்டருக்கு ஒருமுறை அலையின் வீச்சு, அதாவது சூட்டின் ஏற்ற இறக்கம், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. வெளிமுகத்தில் 40 டிகிரி ஏற்ற இறக்கம் இருந்தாலும், ஏட்டுக் கணக்குப்படி உள்ளே 3 டிகிரிதான் தெரியும்.

நம் மொட்டை மாடித் தளம் சுமார் 12 சென்டிமீட்டர் கான்கிரீட். கான்கிரீட்டில் அலை சற்று வேகமாகப் போகும். மதிய வெயில் மூன்றரை மணி நேரத்தில், அந்த 30 சென்டிமீட்டர் மண் சுவரில் சுருங்கும் அளவுக்குச் சுருங்காமல், நாம் வேலை முடிந்து வீடு திரும்பும் வேளைக்குச் சரியாக வந்து நிற்கும். எதிரி கூட இவ்வளவு துல்லியமாகத் திட்டம் போட மாட்டான்.

இந்தச் சுவருக்கு டிராம்ப் சுவர் என்று பெயர். ஃபெலிக்ஸ் டிராம்ப் என்ற பிரெஞ்சுக்காரர் 1967-இல் ஒடேய்யோ என்ற மலையூரில் இப்படி ஒரு வீட்டை அமைத்தார். அதே ஊரில் கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து 3,000 டிகிரிக்கு மேல் எட்டும் சூரிய உலைக்குப் பின்னால் இருந்தவரும் அவர்தான். ஆனால் அமெரிக்காவின் எட்வர்ட் மோர்ஸ் இதே யோசனைக்கு 1881-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அவர் ஒரு விலங்கியலாளர்! இத்தனை பழைய, எளிய விஷயத்துக்கு ஆராய்ச்சிப் பணம் ஏன் தாராளமாக வருவதில்லை என்று கேட்டால், மண் சுவரை டப்பாவில் போட்டு விற்க முடியாது என்பதுதான் காரணம் என்பேன்.

சுவரை மட்டும் கட்டினால் போதாது. மற்ற மூன்று பக்கமும் கூரையும் வெப்பத்தை விட்டுவிட்டால் எல்லாம் வீண். அதனால் அங்கே இரட்டைச் சுவர் எழுப்பி நடுவே வைக்கோல், மரத்தூள் என்று அடைக்கிறார்கள். லேக்கு அருகே ஃபே கிராமத்தில் பொறியாளர் சோனம் வாங்சுக் குழுவினரின் செக்மோல் என்ற பள்ளி வளாகம் தெற்கு பார்த்த மண் கட்டடங்களால் ஆனது. குளிர்காலத்தில் தெற்குப் பக்கம் பிளாஸ்டிக் தாளால் ஒரு பசுமைக்குடில் கட்டி வெயிலைப் பிடிக்கிறார்கள், கோடையில் கழற்றிவிடுகிறார்கள்.

நம் ஊரில் தெற்கு பார்த்த மனை என்றால் எமன் திசை என்று விலை பேசாமலே எழுந்துவிடுகிறவர்கள் உண்டு. லேயில் அந்தத் திசையை மூடினால் விறைத்துப்போக வேண்டியதுதான். அப்புறம், இதே வீட்டைத் தென் சிலியில் கட்டினால் கறுப்புச் சுவர் வடக்கைப் பார்க்க வேண்டும். அங்கே எமன் எந்தப் பக்கம் குடியிருக்கிறான் என்று வாஸ்துக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.