டைலைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள்

வீட்டில் மிக அதிகமாகப் பாடுபடும் சுவர், அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் பின்னால் இருப்பது. தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்கிறது; குக்கரின் ஆவி படிகிறது; மஞ்சளும் புளியும் தெறித்துக் காய்கின்றன. அந்தச் சுவருக்கு டைல் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் பூவேலையையும் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் டைல் சுவரில் நிற்குமா, விழுமா என்பது அதன் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பின்பக்கம் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று தெரிந்துகொண்டால், எந்தப் பசை வாங்குவது, வேலைக்கு வருபவரிடம் என்ன கேட்பது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகிவிடும்.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். டைலைக் கவிழ்த்து நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சாதாரண செராமிக் சுவர் டைல் அதைச் சட்டென உறிஞ்சிக்கொள்ளும். விட்ரிஃபைடு டைலில் சொட்டு அப்படியே நிற்கும். செராமிக் சுவர் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் ஏற்கும். விட்ரிஃபைடு வகை ஏற்பது 0.5 சதவீதமோ அதற்கும் குறைவோதான். ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடும்போது அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் உருகிக் கண்ணாடியாகி, துளைகளை அடைத்துவிடுவதே காரணம்.

இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு முக்கியம்? சிமென்ட் காய்ந்து இறுகுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அப்போது உருவாகும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்ற பொருள் டைலின் நுண்துளைகளுக்குள் வளர்ந்து பற்றிக்கொள்கிறது. ஆகவே சிமென்ட் பிடிக்கத் துளையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். செராமிக் டைலில் துளை உண்டு. ஆனால் வறண்ட டைல் சிமென்ட் பாலிலுள்ள தண்ணீரை முன்னதாகவே குடித்துவிடும், வினை பாதியில் நின்றுவிடும். ஒட்டுவதற்கு முன் டைலைத் தண்ணீரில் ஊறப்போடும் கொத்தனார்களின் வழக்கம் இதற்காகத்தான். அது அருமையான அனுபவ அறிவு. ஆனால் அதே முறையை விட்ரிஃபைடு டைலுக்குச் செய்தால் பயன் இல்லை. பற்றிக்கொள்ளத் துளையே இல்லாத இடத்தில் சிமென்ட் என்ன செய்யும்? இறுகிய சிமென்ட் ஒரு பக்கம், டைல் ஒரு பக்கம் என்று பெயர்ந்து வரும். வேலை தெரியாத ஆள் என்று நாம் குறைசொல்லும் பல இடங்களில், பொருளும் முறையும் பொருந்தாததே உண்மையான குற்றவாளி.

விட்ரிஃபைடு டைலுக்கு டைல் பசை வேண்டும். அதில் சிமென்டும் மணலும் போக, இரண்டு பொருள்கள் முக்கியமானவை. பாலிமர் தூள், உலரும்போது மெல்லிய படலமாகி வழுவழுப்பான பரப்பிலும் ஒட்டிக்கொள்ளும். செல்லுலோஸ் ஈதர், தண்ணீரைப் பிடித்து வைத்துச் சிமென்டுக்கு நிதானமாகக் கொடுக்கும். ஆகவே இந்தப் பசைக்கு டைலை ஊறவைக்கத் தேவையில்லை. பையின் மீது ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தரநிலை எண்ணையும், எந்த வகை டைலுக்கு உரியது என்பதையும் பாருங்கள். சுவரில் பழைய பெயின்ட் இருந்தால் சுரண்டிக் கொத்திவிட வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு நல்ல பசையும் பெயின்டோடு சேர்ந்து உரிந்து வரும்.

மேஸ்திரியை அமர்த்தும்போது நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி கூலி பற்றியது அல்ல. "பசையை எப்படித் தடவுவீர்கள்?" என்று கேளுங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டையாக வைத்து அழுத்துவேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். உருண்டைகளுக்கு இடையே வெற்றிடம் இருக்கும். தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். அலமாரி மாட்டத் துளை போடும்போது டைல் அங்கேதான் விரிசல் விடும். பல் வெட்டிய கரணையால் ஒரே திசையில் வரிவரியாக இழுத்து, டைலை அந்த வரிகளுக்குக் குறுக்காகச் சற்றே நகர்த்தி அழுத்துவது சரியான முறை. வரிகள் சரிந்து பரவ, காற்று வெளியேறும். முதல் டைலை ஒட்டியதும் உடனே அதைப் பெயர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகு முழுவதும் பசை படிந்திருந்தால் நம்பி வேலையைக் கொடுக்கலாம். தன் வேலையை அறிந்தவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டைல்களுக்கு நடுவே இடைவெளியே தெரியக் கூடாது என்று கேட்பது பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். தயவுசெய்து கேட்காதீர்கள். துளையுள்ள சுட்ட மண் காற்றின் ஈரத்தை ஏற்று ஆண்டுக்கணக்கில் மெல்ல உப்பும், புதுப்பூச்சோ சுருங்கும். நகர இடமில்லாத டைல்கள் ஒன்றையொன்று தள்ளி மேலெழும்பிவிடும். 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மேடைக் கருங்கல்லும் சுவரும் சேரும் மூலையில் ரப்பர்போல நெகிழும் சிலிக்கோன் பசையை நிரப்புங்கள். இரண்டும் தனித்தனியாக அசைபவை. சிமென்ட் அங்கே விரிசல் விடும், கழுவும் தண்ணீர் உள்ளே இறங்கும்.

அந்த இடைவெளிகளை வெள்ளைச் சிமென்டால் அடைப்பது மலிவு. ஆனால் மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையாமல் எண்ணெயில் கரைவது. எண்ணெயோடு சேர்ந்து சிமென்டின் துளைகளுக்குள் போய்விட்டால் தேய்த்தாலும் வராது. எபாக்சி என்ற நிரப்பியில் பிசினும் கெட்டியாக்கியும் பின்னிக்கொண்டு இறுகுவதால் அதில் கறை எளிதில் புகாது. விலை அதிகம், வேகமாக இறுகும், டைல் மேல் வழிந்ததை உடனே துடைக்க வேண்டும். அடுப்புச் சுவரின் சிறு பரப்புக்கு அந்தச் செலவு தகும்.

பளிங்கை இங்கே தவிர்த்துவிடலாம். அது கால்சியம் கார்பனேட். எலுமிச்சையும் புளியும் தயிரும் அதன் மெருகையே கரைத்துத் தின்றுவிடும். ஆத்தங்குடி டைல் பேரழகு, எனக்கும் பிடிக்கும். ஆனால் அது சூளையில் சுடாத சிமென்ட் டைல். எண்ணெயும் புளிப்பும் படாத சுவருக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கூலி சதுர அடிக்கா, நாளுக்கா, பழைய பூச்சைக் கொத்தி எடுப்பதும் இடைவெளி நிரப்புவதும் அதில் அடக்கமா, உடையும் டைல் யார் கணக்கு என்பதை வேலை தொடங்கும் முன் எழுதி வாங்குங்கள். வெட்டுச் சேதத்துக்காக 10 சதவீதம் கூடுதலாக, ஒரே ஷேடு எண் அச்சிட்ட பெட்டிகளாகப் பார்த்து வாங்குங்கள். சூளையின் சூடு சிறிது மாறினாலும் மெருகின் நிறம் மாறும் என்பதால், அடுத்த முறை சுட்டு வரும் அதே மாடல்கூட உங்கள் சுவரோடு ஒத்துப்போகாமல் போகலாம்.