இன்ஸ்டலேஷனுக்குத் தமிழ்ல என்ன?

பெங்களூரு அல்சூர்ல எங்க வீட்டுக்குப் பக்கத்து பார்க்ல பழைய கதவு, ஜன்னல் கம்பி, மண்ணெண்ணெ ஸ்டவ், பேர் வெட்டின எவர்சில்வர் பாத்திரம்லாம் சேத்து, உள்ள நடந்து போற மாதிரி ஒரு வீடு கட்டி வெச்சிருந்தாங்க, அத்தனையும் அந்தத் தெரு ஜனங்க குடுத்தது. போர்டுல இன்ஸ்டலேஷன்னு போட்டிருந்துச்சு. கூட வந்த அத்தை "இது செலையாடா, இல்ல சினிமா செட்டா?"ன்னு கேட்டாங்க. எனக்குச் சட்டுனு பதில் வரல, அன்னைலருந்து இந்தச் சொல்லு மண்டைக்குள்ளயே சுத்திட்டிருக்கு.

வேர் லத்தீன்ல இருக்கு. stallum-ங்கிற சொல்லுக்கு இருக்கை, இடம்னு அர்த்தம். சர்ச்ல பிஷப்பையோ பாதிரியாரையோ அவருக்குன்னு உள்ள இருக்கைல உக்கார வெச்சுப் பதவி குடுக்கிறதுதான் இன்ஸ்டலேஷனோட மொத அர்த்தம். புக் ஸ்டால்னு சொல்றோமே, அந்த ஸ்டாலும் இதே குடும்பம்தான். அப்புறம் மெஷினு, ஏசி, சாஃப்ட்வேர்னு பரவி, 1960கள்லருந்து கலைக்குள்ளயும் வந்துருச்சு.

படத்தை எதிர்ல நின்னு பாக்குறோம், செலையச் சுத்தி வந்து பாக்குறோம், இதுல நாமளே உள்ள போறோம், அந்த எடமும் வெளிச்சமும் நம்ம நடையும் எல்லாம் சேந்துதான் படைப்பு. நம்ம பெங்களூரு கலைஞர் ஷீலா கவுடா 2006ல செஞ்ச டார்க்ரூம்தான் எனக்கு இதுக்கு நல்ல உதாரணம். தார் டிரம்மையும், அதைத் தட்டி விரிச்ச தகட்டையும் வெச்சு, ரோடு போடுறவங்க தங்குற கொட்டகை மாதிரியே ஒண்ணு. குனிஞ்சுதான் உள்ள போகணும், உள்ள இருட்டு, மேல சின்னச் சின்ன ஓட்டை வழியா வர்ற வெளிச்சம் நட்சத்திரம் மாதிரி தெரியும். எங்க தாத்தா தருமபுரிப் பக்கத்துலருந்து ரோடு வேலைக்குத்தான் இந்த ஊருக்கு வந்தவர், அதனால அந்தப் படைப்போட போட்டோவப் பாத்தப்பவே எனக்குத் தொண்டை அடைச்சுது.

சரி, தமிழ்ல? நிறுவல். நில், நிறு, நிறுவு, அதாவது நிக்க வைக்கிறது. கம்ப்யூட்டர்லயும் இதே நிறுவுதான் வருது. கலையோட பேரு நிறுவல் கலை, ஒரு படைப்ப மட்டும் சொன்னா நிறுவல். அமைப்புக் கலைன்னும் எழுதலாம், ஆனா அமைப்புன்னதும் சங்கம், இயக்கம்தான் ஞாபகம் வருது. பிரதிஷ்டை அர்த்தத்துல ரொம்பக் கிட்ட வரும், ஆனா கோயில் வாசனை அதை விட்டுப் போகாது. சிற்பம்னு போடுறது தப்பு.

பார்க், தெருன்னு வெச்சா பொதுவெளி நிறுவல்னு சொல்லலாம். பொதுன்னு சொல்றப்ப பழைய சொல் ஒண்ணு ஞாபகத்துக்கு வருது, பொதியில். பொது, இல் ரெண்டும் சேந்தது, எல்லாருக்குமான வீடு, ஊர் மன்றம். பட்டினப்பாலைல "வம்பலர் சேக்கும் கந்துடைப் பொதியில்"னு வரும். கந்துன்னா நட்டு வெச்ச தூண், வம்பலர்னா ஊருக்குப் புதுசா வந்தவங்க. தரைய மெழுகி, பூப்போட்டு, அந்தியில விளக்கேத்தி, பலரும் கும்புடுற தூண் நிக்கிற எடம், அங்கதான் வெளியூர்க்காரங்க வந்து தங்குவாங்க. வீடு, பொது, புதுசா வந்தவங்க மூணும் ஒரே வரிக்குள்ள இருக்கு பாருங்க! பொதியில் எடத்தோட பேரு, படைப்போட பேரு இல்ல, அதனால இன்ஸ்டலேஷனுக்குப் பதிலா இதைப் போடுங்கன்னு நான் சொல்லல. ஆனா அந்தப் பார்க் வீடு மாதிரி ஒரு படைப்புக்கு யாராவது பேரு தேடினா பொதியில்னே வெக்கலாம்.

அத்தைகிட்ட நிறுவல்னு சொன்னேன். "நட்டு வெச்சதுன்னு சொல்லேன், புரியுது"ன்னாங்க. அப்புறம் பார்க்ல அந்த வீடு இன்னும் எத்தன நாள் இருக்கும், மாமியாரோட அருவாமணைய இப்பக் குடுத்தா வாங்கிக்குவாங்களான்னு கேட்டாங்க.